வேலி இல்லாத காட்டில் எருமை வேட்டை: ஆப்பிரிக்காவில் பழைய முறை சஃபாரியை எப்படித் தேடுவது?

கனடாவின் ஒன்டாரியோவில் பல வருடங்களாக மானும் மூஸ் என்ற பெரிய மானினமும் வேட்டையாடிப் பழகிய ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆப்பிரிக்காவில் ஒரு எருமைக் கடாவை நடந்தே தடம் பிடித்து வேட்டையாட ஆசை. கூடாரத்தில் தங்க வேண்டும், வேலி இருக்கக் கூடாது. ஆனால் தேடிப் பார்த்தால் நீச்சல்குளம் வைத்த விடுதியும் விலங்குகளின் விலைப்பட்டியலும்தான் வந்து நிற்கின்றன. பழைய மாதிரி சஃபாரி இன்னும் இருக்கிறதா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து நாள் விடுமுறை போதுமா?

இருக்கிறது. நான் ஜாம்பியாவிலும் தான்சானியாவிலும் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட முகாம்களோடு நெருங்கிப் பழகியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: முதலில் நிலத்தைத் தேடுங்கள். எந்தக் காடு, அதன் பெயர் என்ன, அது யார் கையில் எத்தனை வருடக் குத்தகையில் இருக்கிறது, அதற்குள் யார் காவல் சுற்றுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஏதாவது ஒரு ஏஜென்ட் அனுப்பிய படத்தைப் பார்த்து, விலை பேசி, முன்பணம் கட்டி, விமானம் ஏறின பிறகுதான் எந்த ஊருக்குப் போகிறோம் என்றே கேட்கிறார்கள்.

தேடலில் விடுதிகளே முதலில் வருவதற்குக் காரணம் தென்னாப்பிரிக்கா. அங்கே 1991-இல் வந்த ஒரு சட்டப்படி, சரியான வேலி போட்டு அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் உள்ளே இருக்கும் காட்டு விலங்கின் மீது நில உரிமையாளருக்கு உரிமை நிலைக்கும். ஆயிரக்கணக்கான மாட்டுப் பண்ணைகள் வேட்டைப் பண்ணைகளாக மாறின. அதனால் நன்மையும் உண்டு, மாடு மேய்ந்த இடத்தில் இன்று குடுவும் இம்பாலாவும் மேய்கின்றன. முதல் தடவை ஆப்பிரிக்கா போகிறவருக்கு மான் வகைகள் போதும் என்றால் அது மோசமான இடமும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. கூண்டில் வளர்த்த சிங்கத்தை வேட்டைக்கென்று திறந்துவிடும் தொழிலும் அதே நாட்டில்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் பெரிய வேட்டைச் சங்கங்களே 2018-இல் அதற்கு எதிராக நிலைப்பாடு எடுத்தன. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

வேலி என்றாலே தள்ளிவிடவும் வேண்டாம். ஜிம்பாப்வேயின் தெற்கில் புபியே பள்ளத்தாக்கு கன்சர்வன்சி (Bubye Valley Conservancy) என்ற தனியார் காப்பகம் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. மாட்டுப் பண்ணைகளாக இருந்த இடம். சுற்றிலும் வேலி உண்டு. 1999-இல் 17 சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று அவை சில நூறாகப் பெருகிவிட்டன. அங்கே எருமை தானே பிறந்து, தானே வளர்ந்து, சிங்கத்திடம் தப்பிப் பிழைத்து உங்கள் முன்னால் வருகிறது. ஒரு வாரம் நடந்தாலும் வேலி கண்ணில் படாது. விலங்கு தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறதா, உங்களிடமிருந்து தப்பிக்க அதற்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

பழைய முறை என்றதும் பலருக்குக் கென்யா நினைவு வரும். 1909-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் இறங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட சுமை தூக்கிகளோடு புறப்பட்ட பயணம், நைரோபியில் 1934-இல் உருவான தொழில்முறை வேட்டைக்காரர்கள் (பணம் கொடுத்து வருபவரைக் காட்டுக்குள் வழிநடத்துபவர்கள்) சங்கம், இதெல்லாம் அந்த மண்ணில் நடந்தவை. 1977-இல் கென்யா வேட்டையை அடியோடு தடை செய்தது, அந்தச் சங்கமும் அதோடு கலைந்தது. தடை இன்றும் இருக்கிறது. கென்யாவில் பெரிய விலங்கு வேட்டைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் மோசடிக்காரர், அவ்வளவுதான். ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் அந்தப் பயணத்தில் 512 விலங்குகளைச் சுட்டார்கள். பழைய முறை என்று நான் சொல்வதில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. காலால் நடப்பது, தடம் பார்ப்பது, ஒரே ஒரு கிழட்டுக் கடாவுக்காக ஒரு வாரம் காத்திருப்பது, கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்புவது: காப்பாற்ற வேண்டிய பகுதி இதுதான்.

சரி, நிலங்களுக்கு வருவோம். அளவில் எல்லாவற்றுக்கும் மேலே தான்சானியா. செலூஸ் வனவிலங்குக் காப்பகம் சுமார் 50,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரியது. 1917 ஜனவரியில் பெஹோ பெஹோ என்ற இடத்தில் ஜெர்மானியப் படையோடு நடந்த சண்டையில் இறந்த ஃபிரெடரிக் செலூஸ் என்ற வேட்டைக்காரரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பத்துக்கணக்கான வேட்டை பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவதுதான் அங்கே முறை. 2019-இல் வடக்குப் பாதியும் அதற்குச் சற்று மேலுமாக, சுமார் 30,000 சதுர கிலோமீட்டர், நியெரேரே தேசியப் பூங்காவாகிவிட்டது. அங்கே வேட்டை கிடையாது. தெற்கே மிச்சமிருக்கும் பகுதி இன்னும் செலூஸ்தான். யாராவது 'செலூஸில் வேட்டை' என்று சொன்னால் எந்த பிளாக், அது பூங்கா எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்று விற்க முடியாத நிலத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

செலூஸின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. 1970-களின் நடுவில் அங்கே ஏறக்குறைய 1,10,000 யானைகள் இருந்தன. 2013 கணக்கெடுப்பில் 13,000 அளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் தந்தத்துக்கான கள்ள வேட்டை. 2014-இல் யுனெஸ்கோ அதை ஆபத்தில் உள்ள பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே வருடம் அமெரிக்கா, தான்சானியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் யானை ட்ரோஃபி (வேட்டையாடிய விலங்கின் தந்தம், கொம்பு, தோல் போன்றவை) இறக்குமதியை நிறுத்தி வைத்தது. வாடிக்கையாளர் குறைந்ததும் நிறுவனங்கள் தான்சானியாவில் பல பிளாக்குகளை அரசிடமே திருப்பிக் கொடுத்தன. ஆள் இல்லாத பிளாக்குக்குள் முதலில் நுழைவது கரி மூட்டம் போடுபவர்கள், பிறகு மாடுகள், பிறகு விலங்கு பிடிக்கும் கம்பிச் சுருக்கு. இதனால்தான் குத்தகைக்காரர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்பதை நான் முதல் கேள்வியாக வைக்கிறேன். அடுத்த வருடம் கிளம்பிவிடப் போகிற ஆள் பாதையும் போடமாட்டார், காவலாளிக்குச் சம்பளமும் கொடுக்கமாட்டார்.

தான்சானியாவில் ருங்வா, கிசிகோ, முஹேசி பகுதிகளும் நல்ல காடுகள், ருவாஹா தேசியப் பூங்காவை ஒட்டியவை. ஆனால் சிங்கம், யானை போன்றவற்றோடு முழு சஃபாரி என்றால் 21 நாள் என்பதே அங்கே நீண்ட நாள் வழக்கம், செலவும் ஒரு லட்சம் டாலரை எளிதாகத் தொடும். பத்து நாள் எருமை வேட்டையும் கிடைக்கிறது, ஆனால் சிறிய விமானச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிங்க வேட்டை பற்றி அங்கே ஒரு நல்ல விதி உண்டு: ஆறு வயதுக்குக் குறைந்த ஆண் சிங்கத்தைச் சுட்டால் நிறுவனத்துக்குத் தண்டனை, கோட்டாவும் (அந்த நிலத்தில் ஒரு வருடத்துக்குச் சுட அனுமதித்த எண்ணிக்கை) குறையும். குட்டிகளைக் காத்துக்கொண்டிருக்கும் இளம் ஆணைக் கொன்றால் அடுத்து வரும் ஆண் அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடும். அதனால்தான் வயதுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ஜாம்பியாவில் தேசியப் பூங்காக்களைச் சுற்றி கேம் மேனேஜ்மென்ட் ஏரியா என்ற பகுதிகள் உண்டு. மக்களும் அங்கே வாழ்கிறார்கள், வேட்டையும் நடக்கிறது. விலங்குக் கட்டணத்தில் பாதி, உள்ளூர்க் குழுவுக்கும் தலைவருக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பணம் தாமதமாக வருகிறது என்ற குறை கிராமங்களில் எப்போதும் உண்டு, அது நியாயமான குறையும்கூட. இந்தப் பகுதிகளை அரசே பிரைம் (முதல் தரம்), செகண்டரி (இரண்டாம் தரம்), அண்டர்ஸ்டாக்டு (விலங்கு குறைந்தது) என்றெல்லாம் தரம் பிரித்து வைத்திருக்கிறது. எந்தத் தரம் என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். வடக்கு, தெற்கு லுவாங்வா பூங்காக்களை ஒட்டிய பள்ளத்தாக்கு, என்னைக் கேட்டால், நடந்து வேட்டையாட ஆப்பிரிக்காவிலேயே மிக அழகான இடங்களில் ஒன்று. மொபானி மரக்காடு, வற்றிப்போன மணல் ஆறு, கரையில் நிழல் தரும் பெரிய மரங்கள், இரவில் நீர்யானையின் உறுமல்.

அங்கே உடன் போய்ப் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கப் போவது இந்த நாளைத்தான். விடிவதற்கு முன் டீயும் ரஸ்க்கும். வண்டியில் ஒரு நீர்க்குட்டைக்குப் போய் இறங்கியதும் யாரும் பேசவில்லை. தடம் பார்க்கிறவர் இருவர் குட்டையை எதிரெதிர்த் திசையில் ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். மூன்று கடாக்கள், மந்தையிலிருந்து பிரிந்தவை. ஒருவர் சாணத்தை உடைத்து உள்ளே புறங்கையை வைத்துப் பார்த்தார். மேலே ஓடு கட்டியிருந்தது, உள்ளே சூடு இருந்தது. குளம்புத் தடத்தின் குறுக்கே சிலந்தி இழை எதுவும் இல்லை. இரவின் கடைசியில் போனவை. ஒரு மெல்லிய குச்சியால் ஒவ்வொரு தடத்தையும் தொட்டுக் காட்டிக்கொண்டே அவர் முன்னால் நடந்தார், கல் தரையில் தடம் தவறினால் கடைசியாகத் தொட்ட இடத்துக்குத் திரும்பிவந்து மறுபடி தொடங்குவதற்காக. தொழில்முறை வேட்டைக்காரர் கையில் பழைய காலுறையில் கட்டிய சாம்பல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதை உதறிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். செட்சி ஈ சட்டைக்கு மேலேயே கடித்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறின பிறகு ஒரு புதருக்குப் பக்கத்தில் மூன்றும் படுத்திருந்தன. அறுபது மீட்டர் இருக்கும். தவழ்ந்துதான் போனோம். முக்காலிக் கம்பை விரித்து வைத்தாகிவிட்டது, வாடிக்கையாளர் துப்பாக்கியையும் வைத்துவிட்டார். முன்னால் எழுந்து நின்ற கடாவின் கொம்பு அகலமாக, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வேட்டைக்காரர் தொலைநோக்கியை இறக்காமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நெற்றியில் இரண்டு கொம்புகளும் சேரும் இடம் இன்னும் இறுகவில்லை, நடுவில் முடியும் மென்மையான பாகமும் தெரிந்தன. அப்படியென்றால் இளசு, இனிமேல்தான் இனப்பெருக்கம் செய்யப் போகிறது. மற்ற இரண்டும் புதருக்குள் மறைந்து நின்றன. காற்று திரும்பியது, மூன்றும் போய்விட்டன. எட்டு மணி நேர நடை, ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை. எனக்கு அந்த வேட்டைக்காரர் மேல் அன்றுதான் பெரிய மரியாதை வந்தது. பணம் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போதும் வேண்டாம் என்று தலையை ஆட்ட முடிகிற ஆளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அந்த ஆள் எங்கே பயிற்சி பெற்றார் என்பதும் முக்கியம். ஜிம்பாப்வேயில் உரிமம் வாங்குவது கடினம். சட்டம், விலங்குகளின் பழக்கம், துப்பாக்கி, முதலுதவி என்று எழுத்துத் தேர்வு, பிறகு வருடக்கணக்கில் மூத்தவர் ஒருவரிடம் உதவியாளாக வேலை, கடைசியில் காட்டுக்குள் முகாம் போட வைத்து, ஆபத்தான விலங்கை வேட்டையாட வைத்து நேரடியாகச் சோதிப்பார்கள். அங்கே உரிமம் பெற்றவர்கள் இன்று தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வேலை செய்வதைப் பார்க்கலாம்.

நாடு என்ற முறையிலும் ஜிம்பாப்வே உங்களுக்குப் பொருத்தம். ஜாம்பேசி ஆற்றின் தென்கரையில் மானா பூல்ஸ் தேசியப் பூங்கா, அதை ஒட்டி சாபி, செவோரே என்ற சஃபாரி பகுதிகள். மூன்றும் சேர்ந்து 1984-இல் யுனெஸ்கோ பாரம்பரியக் களமானவை. கிழக்கே டாண்டே, மேற்கே கரிபா ஏரிக் கரையில் ஓமாய், இவை கிராம மக்களின் பொதுநிலங்கள். 1989-இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின்படி இங்கே வேட்டை வருமானத்தில் ஒரு பங்கு மாவட்ட சபை வழியாக ஊருக்குப் போகிறது. யானை சோளத்தை மிதித்துவிட்டுப் போகிற ஊரில், அந்த யானை உயிரோடு இருப்பதால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் வரும் என்றால், அதைச் சகித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. எல்லா ஊரிலும் இது சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். சபையிலேயே பணம் நின்றுவிடும் இடங்கள் உண்டு. நீங்கள் போகும் ஊரில் எப்படி என்று நேரடியாகக் கேளுங்கள்.

2015 ஜூலையில் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே செசில் என்ற சிங்கம் சுடப்பட்ட விவகாரம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்து வந்த சிங்கம் அது. அந்த நிலத்துக்கு அந்த வருடம் சிங்கக் கோட்டா இல்லை என்று அந்நாட்டு வனவிலங்குத் துறை சொன்னது. வேட்டைக்குப் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு: நீங்கள் சுடப்போகும் விலங்கு, நீங்கள் நிற்கப்போகும் நிலத்தின் கோட்டாவில், இந்த வருடத்துக்கு இருக்கிறதா? எழுத்தில் கேளுங்கள். பக்கத்து நிலத்துக் கோட்டாவை இங்கே கொண்டுவந்து பயன்படுத்துவது சட்டவிரோதம், மாட்டிக்கொண்டால் வாடிக்கையாளருக்கும் சிக்கல் வரலாம்.

மொசாம்பிக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்த நாட்டின் காட்டு விலங்குகளைப் படைகள் தின்றே தீர்த்தன. ஜாம்பேசி ஆறு கடலில் கலக்கும் மாரோமியூ சமவெளியில் போருக்குப் பிறகு எருமைகள் 1,200 அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. அங்கே கொட்டாடா 10, 11, 12, 14 என்று எண் போட்ட வேட்டைப் பகுதிகள் உண்டு. 1990-களில் குத்தகைக்கு வந்தவர்கள் கள்ள வேட்டைத் தடுப்புப் படை அமைத்து, குறைந்த கோட்டாவோடு பொறுமையாக நடத்தினார்கள். இன்று எருமைகள் 20,000-க்கும் மேல். சேபிள் மான்களும் பெருகிவிட்டன. 2018-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 24 சிங்கங்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள், வேட்டைக்காக அல்ல, சிங்கம் இல்லாமல் போன காட்டுக்குச் சிங்கத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக. வேட்டைக் குத்தகை ஒரு நிலத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வேட்டை அங்கே வேறு மாதிரி: சதுப்பில் பெரிய மந்தைகள், சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் கொஞ்ச தூரம், பிறகு முழங்கால் அளவுத் தண்ணீரிலும் நாணலிலும் நடை. தனிக் கடாவை நாள் முழுக்கத் தொடர்வது அங்கே குறைவு. வடக்கே நியாசா காப்பகம் 42,000 சதுர கிலோமீட்டர், மியோம்போ காடு. ஆனால் காபோ டெல்காடோ மாகாணத்தில் ஆயுதக் குழுக்களின் தொல்லை இருப்பதால் பதிவு செய்வதற்கு முன் அன்றைய நிலவரத்தைப் பார்க்க வேண்டும்.

நமீபியாவின் வடகிழக்கில் நயே நயே கன்சர்வன்சி சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். 1998-இல் அந்நாட்டில் முதலாவதாகப் பதிவான சமூகக் காப்பகம் அதுதான். ஜூஹோவான்சி சான் மக்களுடைய நிலம். அவர்கள் தடம் பார்ப்பதைப் பார்க்கவே போகலாம், கலஹாரி மணலில் நேற்றைய தடத்தையும் இன்றைய தடத்தையும் நடையை நிறுத்தாமலே பிரித்துச் சொல்வார்கள். ஆனால் அது யானை நிலம். எருமைக்கு அதே நாட்டின் ஜாம்பேசி மாகாணக் காப்பகங்கள் பொருந்தும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்ஸ்வானா 2014-இல் வேட்டையை நிறுத்தி 2019-இல் மறுபடி அனுமதித்தது, பெரும்பாலும் யானை, விலையும் அதிகம். கேமரூனின் வடக்கில் ராட்சத எலண்ட் என்ற பெரிய மானினத்தை நாள் கணக்கில் தொடர்ந்து நடக்கும் வேட்டை, தூய பழைய முறைதான், ஆனால் அது எருமை முடித்த பிறகு வருகிற ஆசை. எத்தியோப்பியாவில் மலை நியாலா என்ற மான் வேட்டையும் அப்படித்தான்.

இப்போது நிறுவனத்திடம் என்ன கேட்பது? பிளாக்கின் பெயரையும் எல்லை வரைபடத்தையும் கேளுங்கள். குத்தகை அவர்கள் பெயரிலேயே இருக்கிறதா, வேறொருவரிடம் வாங்கி உள்குத்தகைக்கு நடத்துகிறார்களா என்று கேளுங்கள். போன வருடம் எத்தனை சுருக்குக் கம்பி எடுத்தீர்கள், எத்தனை காவலர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் காட்டை வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்கு மூச்சு விடாமல் பதில் சொல்வார், படமும் அனுப்புவார். இடைத்தரகர் பேச்சை மாற்றுவார். எந்த வேட்டைக்காரர் உங்களோடு வருவார் என்பதை ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளர்களின் தொடர்பு கேட்கும்போது எதுவும் கிடைக்காமல் திரும்பிய ஒருவரையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் மறுபடி அங்கேயே போக நினைக்கிறார் என்றால் வேறு சான்று தேவையில்லை. விலங்கு நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கும் இடம் நீங்கள் தேடும் இடம் அல்ல.

நிலத்தில் வாழ்கிறவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். 2022 ஜூனில் தான்சானியாவின் லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வேட்டைக் காப்பகமாக்க அரசு எல்லைக்கல் நட்டபோது மாசாய் மக்களோடு மோதல் வெடித்தது. காவலர் ஒருவர் இறந்தார், பலர் காயம்பட்டார்கள், ஏராளமானோர் கென்யா பக்கம் ஓடினார்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து மக்களைத் துரத்திவிட்டு நடக்கிற வேட்டையில் கலந்துகொள்ளக் கூடாது என்பது என் கருத்து. மேலே சொன்ன டாண்டே, நயே நயே போன்ற இடங்களில் இறைச்சி ஊருக்குப் போகிறது, வேலை ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கிறது. நேரில் பார்த்தால் அந்த வித்தியாசம் முகாமுக்கு வருகிறவர்களின் முகத்திலேயே தெரியும்.

பணம் இரண்டு பகுதியாக வரும்: நாள் கட்டணம், விலங்குக் கட்டணம். முதலாவது, விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உண்டு. இரண்டாவது சுட்டால் மட்டும். ஆனால் ஒரு துளி ரத்தம் விழுந்தாலும் சுட்டதாகவே கணக்கு, விலங்கு கைக்கு வராவிட்டாலும் முழுக் கட்டணம். காயம்பட்ட எருமையை இருட்டும்வரையும், மறுநாளும் தேடிப் போவது வேட்டைக்காரரின் கடமை, அதில்தான் உயிர்ச்சேதங்கள் நடக்கின்றன. இந்த விதி கடுமையாக இருப்பது நல்லது, சந்தேகமான குண்டைச் சுடாமல் இருக்க அது ஒன்றே போதும்.

துப்பாக்கி விஷயத்தில் கஷ்டப்பட வேண்டாம். ஆபத்தான விலங்குக்கு .375 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) என்பதே பெரும்பாலான நாடுகளில் குறைந்தபட்ச அளவு. 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இன்றும் போதும். மூஸ் வேட்டையில் பழகியவர் என்பதால் அதன் உதை உங்களைப் பயமுறுத்தாது, ஆனால் முக்காலிக் கம்பில் வைத்து நின்றபடி சுடுவதை ஊரிலேயே நன்றாகப் பழகுங்கள். மேஜையில் வைத்துச் சுட்ட பழக்கம் அங்கே உதவாது. குண்டுகள் விமானத்தில் 5 கிலோ வரைதான். ஜோகன்னஸ்பர்க்கில் இரவு தங்கி விமானம் மாறுவதாக இருந்தால் அந்த நாட்டின் தற்காலிக அனுமதியும் எடுக்க வேண்டும். பலர் முகாமில் இருக்கும் துப்பாக்கியையே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், முதல் பயணத்துக்கு அதுவே நிம்மதி. அவசரத்தில் ஆளைத் தூக்கிவரும் விமானக் காப்பீடு கட்டாயம். முகாமிலிருந்து ஓடுதளம் எவ்வளவு தூரம், சாட்டிலைட் போன் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொம்பையும் தோலையும் கனடாவுக்குக் கொண்டுவருவதில் எருமைக்குச் சிக்கல் குறைவு, அது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. கால்நடை நோய் விதிப்படி சுத்தம் செய்து பதப்படுத்திய சான்று வேண்டும், அதை ஏற்றுமதி செய்பவர் செய்து தருவார். யானை வேறு கதை: 2024 தொடக்கத்திலிருந்து கனடா தந்தத்தையும் காண்டாமிருகக் கொம்பையும் வேட்டை ட்ரோஃபியாகக்கூட உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் சிங்க ட்ரோஃபிக்குத் தடை. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் இதைப் படித்தால், 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 2022 திருத்தமும் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு மயிரிழையைக்கூடக் கொண்டுவர நினைக்க வேண்டாம்.

உங்கள் பத்து நாள் கேள்விக்கு என் பதில்: எருமை மட்டும் என்றால் போதும், அதில் ஒரு நாளைக்கூட வேறு எதற்கும் கொடுக்காமல் இருந்தால். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜாம்பேசி பள்ளத்தாக்கில் டாண்டே அல்லது செவோரேயைப் பார்ப்பேன். நாள் கட்டணம், விலங்குக் கட்டணம், உள்ளூர் விமானம் எல்லாம் சேர்த்து 15,000 முதல் 25,000 டாலருக்குள் அடங்க வாய்ப்பு அதிகம். மே, ஜூனில் புல் உயரமாக இருக்கும், காலை குளிராக இருக்கும், தடம் தெரியும், விலங்கு தெரியாது. அக்டோபரில் தண்ணீர் குறைந்து விலங்குகள் ஆற்றோரம் கூடும், ஆனால் வெயில் நடக்க விடாது. ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும் சரியான நேரம். நல்ல வேட்டைக்காரர்களின் அந்த வாரங்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பே போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்காவில் நடக்கும் வேட்டைச் சங்க மாநாடுகளுக்கும், ஜெர்மனியில் டோர்ட்முண்டில் நடக்கும் கண்காட்சிக்கும் அவர்களில் பலர் நேரில் வருவார்கள். ஒன்டாரியோவிலிருந்து அமெரிக்க மாநாடு பக்கம்தான். வரைபடத்தை விரித்து வைத்து, பிளாக்கைக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.